ஓமவல்லிச் சாறும் மூடிப் போரும்

உலகோரே, அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் தீயைத் தணித்துவிட்டும், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதை இன்னொரு முறை தவறவிட்டும் செவிசாய்க்க வேண்டிய பெருஞ்செய்தி ஒன்று உண்டு. இரண்டு அறை கொண்ட வீடொன்றின் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி தொடங்கிப் பிற்பகல் மூன்றரை மணிவரை, மாந்தர் குலம் இதுவரை கண்டிராததும், கண்டிருந்தாலும் வெளியே சொல்ல வெட்கி விழுங்கிவிட்டதுமான மாபெரும் போர் ஒன்று மூண்டது. ஒருபுறம், முப்பத்தோராண்டு மூடிகளை ஆண்ட மூதறிஞர் ஒருவர். மறுபுறம், நான்கு விரல் அகலமுள்ள ஒரு தகர மூடி. படைபலத்தில் எவ்வித ஒப்புமையும் இல்லை. மூடியின் பக்கம்தான் பலம் அதிகம்.

முதலில் வீரரின் பெருமையைப் பாடிவிடுவோம். நாம் பாடாவிட்டால் அவரே பாடத் தொடங்கிவிடுவார்.

கசிவறியாக் கண்ணாடிக் காவலர், திருகுமரையின் திறமெலாம் தெரிந்த தீரர், ஒழுகல் என்னும் ஒன்னாரை ஓடஓட விரட்டிய ஒருபெருந்தலைவர் என்று அவரை நாம் விளிப்போம். ஜாம் எனப்படும் பழக்கூழும் தக்காளிச் சாறும் புட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மூடி ஆய்வாளராக வீற்றிருந்தவர் அவர். நாளொன்றுக்குப் பதினாறாயிரம் புட்டிகள், போருக்கு எழுந்த வேந்தன்முன் அணிவகுத்துச் செல்லும் காலாட்களைப்போல், ஓடும் பட்டைமீது அவர்முன் ஊர்ந்து போகும். அவர் திடீரென்று ஒன்றின் கழுத்தைப் பற்றி, தலைகீழாய்க் கவிழ்த்து, காதருகே வைத்துக் குலுக்கி, விளிம்பைச் சுற்றி முகர்ந்து, "கசிவு இல்லை" என்று திருவாய் மலர்ந்தருளுவார். ஐயம் எழுந்தால் இன்னொரு பிடி இறுக்குவார். ஐயம் எழாவிட்டாலும் இறுக்குவார். ஆகவே மேலதிகாரிகள் அவரை முதுநிலை ஆய்வாளர் என்றும், தொழிலாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இறுக்கு சார் என்றும் அழைத்தனர். இரண்டில் எந்தப் பட்டம் நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த முப்பத்தோராண்டில், மூடி கழன்றது என்று ஒரு புகார்கூட வந்ததில்லை. மூடி திறக்கவில்லை என்றுதான் மாதந்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. அத்தனைக்கும் அவர் தம் கைப்பட ஒரே விடையை எழுதினார்: "தாங்கள் குறிப்பிடும் மூடியில் குறை எதுவும் இல்லை. பிடிக்கும் முறையில் குறை இருக்கலாம்." இதில் 'இருக்கலாம்' என்பது மேலாளர் மன்றாடிக் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தது.

இத்தகைய பேராளர் ஓய்வுபெற்று வீடு புகுந்தபோது, அங்கே இறுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. குழாய்களை இறுக்கினார், மனைவியார் வாய் நிறையப் பற்பசை நுரையோடு குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார். சன்னல் கொக்கியை இறுக்கினார். ஒரு கோடைகாலம் முழுவதும் அந்தச் சன்னல் சுவராகவே இருந்தது. அதன்பின் அவருக்கு வீட்டில் வேலை கொடுக்க யாரும் துணியவில்லை. வீட்டின் ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்கெனவே ஓர் அதிபதி உண்டு: நாற்காலி பழைய செய்தித்தாள்களுக்கு, மேசை இஸ்திரி போடவேண்டிய துணிகளுக்கு, பால்கனி மாடிவீட்டிலிருந்து சொட்டும் நீருக்கு. ஒரு கூடம் நிறையப் புட்டிகளை ஆண்டவருக்கு, இது என்னுடையது என்று கைவைக்க ஒரு சாண் இடமில்லை. இந்த வருத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு முக்காலியாவது கிடைத்திருக்கும். இந்தக் காவியமும் தேவைப்பட்டிருக்காது.

அந்நாளில்தான் மனைவியாருக்கு இருமல் கண்டது.

மனைவியார் ஒரு பொது நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் அமர்ந்திருப்பவர். சத்தம் போடுகிறவர்களைக் கண்ணாலேயே வெளியேற்றும் வல்லமை வாய்ந்தவர். அப்படிப்பட்டவரே இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நூலகத்தின் மாட்சிமை என்னாவது என்று நம் வீரர் வருந்தினார். வருந்தியபடியே மனைவியாரின் நூலக அட்டையில் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். வீட்டிலேயே மூலிகை டிங்சர் தயாரிப்பது பற்றிய புத்தகம் அது. இலையை நறுக்கிப் புட்டியில் இடுக, மூழ்கும்வரை சாராயம் ஊற்றுக, இறுக மூடுக, இருட்டில் வைத்து நாள்தோறும் குலுக்குக, ஆறு வாரம் சென்றபின் வடித்தெடுக்க. ஐந்தே கட்டளைகள். நான்கை அவருடைய கண்கள் படித்தன. 'இறுக மூடுக' என்பதை நெஞ்சு படித்தது. முப்பத்தோராண்டுத் தவத்தை உலகம் மறந்துவிடவில்லை என்று அவருக்குக் கண் கலங்கியது.

இருட்டான, உயரமான, பிறர் கைபடாத இடம் எது என்று அவர் வீடெங்கும் தேடினார். சமையலறை அலமாரியின் மேல்தட்டு, மலையுச்சிக் கோட்டைபோல் அவரை நோக்கிக் கண்சிமிட்டியது.

"மேல்தட்டா? அங்க என்னோட பெரிய குக்கர், பாத்திரமெல்லாம் இருக்குங்க" என்றார் மனைவியார்.

"ஆறு வாரம்தான். உன் இருமலுக்குத்தானே செய்யறேன்."

"என் இருமலுக்கு என் தம்பி கடையில சிரப் இருக்கு."

"அது சிரப். இது டிங்சர்."

இதைவிட வலுவான வாதம் அவரிடம் இல்லை. ஆனால் இதையே அவர் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் குரலை ஒரு படி தாழ்த்திச் சொன்னார். ஐந்தாவது முறை அதில் வேறு ஏதோ ஒலித்திருக்க வேண்டும். மனைவியார் கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, எடுத்துக்கோங்க. ஆனா லைப்ரரி மாதிரிதான். ஆறு வாரக் கெடு. கெடு அன்னிக்கு என் தம்பிய வரச்சொல்றேன். அவன் கடைக்குக் கிளம்பறதுக்குள்ள உங்க மருந்த வடிச்சு, புட்டில ஊத்தி, அவன் நாக்குல ஒரு சொட்டு வச்சிட்டீங்கன்னா தட்டு உங்களுக்கே. அதுக்கப்புறம் அதுல நீங்க எத ஊறப்போட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். இல்லன்னா அன்னிக்கே காலி பண்ணித் தந்துடணும். ரெனியூவல் கிடையாது."

சொன்னதோடு நில்லாமல், நூலகத்தில் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டும் சீட்டு ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, அதில் திருப்பித் தரவேண்டிய தேதியையும் குத்திவிட்டார். உலகில் எத்தனையோ பேரரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன; ரப்பர் முத்திரை இவ்வளவு நேராக விழுந்த உடன்படிக்கை வேறொன்று இல்லை.

வீரர் வேட்டைக்குப் புறப்பட்டார். பால்கனித் தொட்டியில் சொட்டுநீரை உண்டு செழித்திருந்த ஓமவல்லியை, தளிரென்றும் முதிர்ந்ததென்றும் பாராமல் மொட்டையடித்தார். மூலிகைக் கடையில் அதிமதுர வேரை ஒவ்வொன்றாய் முகர்ந்து தேர்ந்தார். இஞ்சியைக் காசுகாசாய் வட்டமாக நறுக்கினார். எஞ்சியது சாராயம். வாழ்நாளில் இருமல் சிரப்பைத் தவிர வேறு போதை அறியாத அப்புண்ணியசீலர், மதுக்கடை வாசலில் மூன்று முறை நடந்துபார்த்து, நான்காம் முறை கடைக்குள் புகுந்து, ஒரு புட்டி வோட்கா கேட்டார்.

"கூட சோடா வேணுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"ஓமவல்லி இருக்கு" என்றார் வீரர். கடைக்காரர் புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

இலையும் வேரும் இஞ்சியும் அகன்றவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றில் புகுந்தன. வோட்கா வெள்ளமெனப் பொழிந்தது. பின்னர், அண்டசராசரமும் மூச்சடக்கி நிற்க, தகர மூடி ஜாடியின் தலையில் முடியெனச் சூட்டப்பட்டது. வீரர் கண்களை மூடிக்கொண்டு இறுக்கினார். வழக்கமாகச் சமையலறையில் கேளாத ஒரு கிறீச்சொலி எழுந்து அடங்கியது.

அன்றுமுதல் நாற்பத்தோரு நாள், வைகறையும் வாளிச்சத்தமும் ஒருங்கே எழும் ஆறுமணிப் போதில், அவர் முக்காலியேறி ஜாடியை இறக்கி, தலைகீழாய்க் கவிழ்த்து, நூறு எண்ணும்வரை குலுக்கி, மூடியின் விளிம்பை முகர்ந்து, ஒரு குறிப்பேட்டில் "கசிவு இல்லை" என்று எழுதுவார். எழுதியபின், எந்தப் புத்தகமும் கட்டளையிடாத ஒரு செயலைச் செய்வார்: மூடியை இன்னொரு பிடி இறுக்கிவைப்பார். இதை அவர் எண்ணிச் செய்யவில்லை. உறங்கும்போது மூச்சு விடுவதுபோல் அவருடைய கை தானாகவே செய்தது. இதனிடையே, ஜாடி தலைகீழாகும்தோறும் அதிமதுரத்தின் இன்சாறு மூடியின் மரைக்குள் நூலிழையாய் ஊர்ந்து, ஜாடி நிமிர்ந்தபின் அங்கேயே உலர்ந்து, தச்சர்கள் கண்டால் விலைபேசக்கூடிய பசையாகிக்கொண்டிருந்தது. நமக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாது.

இரண்டாம் வாரத்தின் முடிவில் ஒரு சிறு இடையூறு நேர்ந்தது. மனைவியாரின் இருமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

"இப்ப எனக்கு இருமலே இல்லீங்க" என்று அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

வீரர் ஜாடியைக் குலுக்குவதை நிறுத்தவில்லை. "அடுத்த இருமல் வராமலா போயிடும்?" என்றார்.

ஆகப் பகைவன் புறமுதுகிட்டு ஓடியபின்னும் படை களத்தைவிட்டு நகரவில்லை. நோய் போயிற்று, மருந்து இருந்தது. மருந்து இருந்ததால் தட்டு இருந்தது. தட்டிழந்த பாத்திரங்களோ, நாடிழந்த மன்னர்களாய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தஞ்சம் புகுந்து, உட்காருகிறவர்களின் முழங்காலைப் பதம்பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய குக்கரின் கைப்பிடி மட்டும் ஒரே வாரத்தில் நான்கு விருந்தாளிகளை நொண்டவைத்தது.

கெடுநாள் விடிந்தது.

பன்னிரண்டு பழுப்புநிறச் சொட்டுப்புட்டிகள் மேசைமீது இரண்டு வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் மார்பிலும் வீரரின் முத்துமுத்தான கையெழுத்தில், பெயரும் நாளும் தாங்கிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. வெந்நீரில் குளித்த புனல், மல்துணி, அளவுக்கோப்பை எல்லாம் தத்தம் நிலையில் காத்திருந்தன. பதினொரு மணிக்கு மைத்துனர் வந்து சேர்ந்தார். மருந்துக்கடைக்காரர், நாளெல்லாம் பிறருடைய நோயைக் கேட்டுக்கேட்டு, எதற்கும் புருவம் உயர்த்தாத ஒரு முகத்தைச் சம்பாதித்தவர். மேசைக்கு அடியில் கால் நீட்டியவர் குக்கரில் இடித்துக்கொண்டபோதுகூடப் புருவம் உயரவில்லை.

"மாமா, நான் மூணரைக்குக் கிளம்பணும். கடை தெறக்கணும்."

"மூணரையா? பத்து நிமிஷ வேலை, மாப்ளே."

வீரர் ஜாடியை இறக்கி மேசைநடுவே நிறுத்தினார். உள்ளே, காட்டுக்குளத்து நீர்போல் கருந்தேன் நிறத்தில் சாறு மின்னியது. பின்னர் அவர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தாம் எழுதி மனப்பாடம் செய்திருந்த பிரகடனத்தை வெளியிட்டார்: "ஆறு வாரம் இருளில் தவமிருந்த இந்த அருமருந்து, இன்று ஒளி காண்கிறது. அவசரமும் விளம்பரமும் ஆட்சிசெய்யும் இக்காலத்தில், பொறுமை ஒன்றையே மூலப்பொருளாகக் கொண்டு..."

"தெறங்க மாமா" என்றார் மைத்துனர்.

வீரர் இடக்கையால் ஜாடியின் இடையை அணைத்து, வலக்கையின் ஐந்து விரலும் ஐந்து கழுகின் நகமெனப் பதிய மூடியைப் பற்றி, தோளில் தொடங்கி முழங்கைவழி இறங்கி மணிக்கட்டில் திரண்டு நின்ற வலிமையனைத்தையும், கரையுடைத்துப் பாயும் காட்டாறென, இடப்புறமாகத் திருப்பிவிட்டார். நெற்றிநரம்பு புடைத்தது. மேசை நடுங்கியது. சொட்டுப்புட்டிகள் ஒன்றோடொன்று மோதி யுத்தபேரிகை கொட்டின. மூடி அசையவில்லை. ஜாடி அவரோடு சேர்ந்து திரும்பியது. அவர் ஜாடியோடு சேர்ந்து திரும்பினார். முடிவில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. பிடிமானம் பாக்கறேன்."

இரண்டாம் தாக்குதலில் துவாலை களமிறங்கியது. மூன்றாம் தாக்குதலுக்கு, பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்பு ரப்பர்க் கையுறைகளைக் கவசமாய்ப் பூண்டு, ஜாடியை முழங்கால்களுக்கிடையே சிறைபிடித்துத் தரையில் அமர்ந்தார். கையுறைதான் பாதி கழன்றது. நான்காம் தாக்குதலில் மைத்துனர் ஜாடியையும் அவர் மூடியையும் பற்றிக்கொள்ள, இருவரும் செக்கிழுக்கும் காளைகளாய்ச் சமையலறையை ஒன்றரைச் சுற்று சுற்றிவந்து, வீரர் மேசைக்கால் என்று நினைத்துக் குக்கரில் காலை முட்டுக்கொடுத்து அதைச் சாய்த்தபின்தான் நின்றனர். மூடி அசையவில்லை. வெந்நீர் காட்டினால் தகரம் விரியும் என்று அவர் அடுப்பை நோக்கி ஓரடி வைத்தபோதுதான் மைத்துனரின் புருவம் முதன்முதலாக உயர்ந்தது.

"அடுப்புகிட்ட வேணாம் மாமா. உள்ள இருக்கறது வோட்கா. அப்புறம் நாமதான் விரிவோம்."

எனவே குழாய்நீரைக் கெட்டிலில் காய்ச்சி, மூடிக்கு மட்டும் ஊற்றினார்கள். மூடி சுகமாக வெந்நீரில் குளித்து, துவாலையால் துவட்டப்பட்டு, முன்னிலும் பளபளப்பாக அவரை நோக்கிப் புன்னகைத்தது.

ஒரு மணிக்குச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்ற அறிவிப்பால் தற்காலிகப் போர்நிறுத்தம் ஏற்பட்டது. வீரர் இடக்கையில் ஸ்பூன் பிடித்து உண்டார். வலக்கை தட்டருகே ஊமையாய்ப் படுத்திருந்தது. மணிக்கட்டு, அரசாங்க முத்திரை பட்டதுபோல் சிவந்து வீங்கியிருந்தது.

"ஒரு கரண்டிக் காம்ப விட்டு ஓரத்துல நெம்பினா..." என்று தொடங்கினார் மைத்துனர்.

"விளிம்பு நசுங்கிடும்" என்றார் வீரர். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும் குரல் அது. மைத்துனர் கரண்டியைத் தம் சோற்றுக்கே பயன்படுத்திக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு மாடிவீட்டிலிருந்து துணைப்படை வரவழைக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளராக இருக்கும் மாடிவீட்டுக்காரர், கதவுநிலைக்குள் சற்றுப் பக்கவாட்டில் நுழையவேண்டிய அகலமுள்ளவர். அவருடைய புயத்தில் தசைகள் தனித்தனிக் குடும்பங்களாய் வாழ்ந்துவந்தன. அவர் சிரித்தார், ஜாடியை இரண்டு விரலால் தூக்கினார், மூடியைப் பற்றினார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். கழுத்து தோளுக்குள் அமிழ்ந்தது; சட்டையின் ஒரு பொத்தான் தெறித்து, போரில் முதல் பலியாகி, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உருண்டு மறைந்தது. இரண்டு நிமிடம் கழித்து ஜாடியை மெல்ல மேசையில் வைத்தார்.

"சார், இத யாரு மூடினது?"

"நான்தான்."

"நீங்களா? ஏதோ மெஷின்ல போட்டதுன்னு நெனச்சேன்."

முப்பத்தோராண்டுப் பணியில், ஓய்வுநாள் விழாவில், அன்று பேசிய ஐந்து மேலாளர்களின் ஐந்து உரைகளில், எங்கேயும் எவரும் நம் வீரரிடம் இப்படியொரு சொல்லைச் சொன்னதில்லை. அவர் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். திறக்காவிட்டால் தட்டு போய்விடும் என்பது ஒரு கணம் அவருக்கு மறந்தே போயிற்று.

"சிரிக்கறீங்க" என்றார் மனைவியார்.

"இல்லையே."

"இல்ல, சிரிக்கறீங்க. மணி என்ன ஆகுதுன்னு பாருங்க."

மணி மூன்றேகால். பயிற்சியாளர் பொத்தானைத் தேடிவிட்டு வெறுங்கையோடு மாடியேறினார். மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, ஜாடியைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"மாமா, இத ஏன் இவ்வளவு பெரிசு பண்றீங்க? மூடில ரெண்டு ஓட்டை போட்டா போதும். ஒண்ணுல காத்து போகும், இன்னொண்ணுல மருந்து வரும். தெறக்கவே வேணாம். ஜாம் புட்டிக்கெல்லாம் மொதல்ல ஆணிதான அடிப்போம்."

"எந்த ஜாம் புட்டிக்கு?"

"உங்க கம்பெனி ஜாம்தான் மாமா."

வீரர் மைத்துனரைவிட்டு மனைவியாரை நோக்கித் திரும்பினார்.

"எல்லார் வீட்லயும் அப்படித்தாங்க" என்றார் மனைவியார், சற்று மென்மையாக. "மொதல்ல ஆணியால ஒரு குத்து, அப்புறம்தான் திருகறது. கரண்டி டிராயர்ல ஒரு ஆணி கெடக்குமே, பாத்ததில்லையா நீங்க? அதுக்குன்னே வச்சிருக்கேன். கல்யாணமான வருஷத்துலருந்து."

அவர் பார்த்ததில்லை. இந்த வீட்டில் மூடி எதையும் அவர் திறந்ததில்லை. அவருக்கு எல்லாம் திறந்தே வந்தன.

மனைவியார் இழுப்பறையிலிருந்து ஆணியை எடுத்தார். நுனி தேய்ந்து, தலை பளபளத்து, நெடுங்காலம் நேர்மையாக உழைத்த ஆணி. மைத்துனர் சுத்தியலை எடுத்துவந்து வீரரின் இடக்கையில் திணித்தார். மனைவியார் மூடியின் நெற்றிநடுவில் ஆணியை நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தட்டு தட்டுங்க. முடிஞ்சுது. மேல்தட்டு உங்களுக்கே."

கேளுங்கள், உலகோரே. ஒரு மனிதருக்கு இதைவிட எளிதான வெற்றி வாய்த்ததில்லை. சுத்தியல் இரண்டு முறை ஒரு சாண் இறங்கினால் போதும். பன்னிரண்டு புட்டிகள் நிறையும். ஓய்வுபெற்ற நாள்தொட்டு அவர் நெஞ்சில் ஏங்கிக்கிடந்த அந்த இரண்டு முழ இடம், கதவும் இருட்டும் உள்ளிட்டு, என்றென்றும் அவருடையதாகும். அவருக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது, சுத்தியலைப் பற்றிய விரல்களின் வெண்மையில் தெரிந்தது. ஆனால் அவர் கண்முன் அப்போது தட்டு இல்லை. நாளொன்றுக்குப் பதினாறாயிரம் வீதம் முப்பத்தோராண்டு அவரைக் கடந்துபோன மூடிகள், ஊர்ஊராய், வீடுவீடாய், சமையலறை சமையலறையாய், நெற்றியில் ஆளுக்கொரு ஆணித்துளையோடு அணிவகுத்து நின்றன. புகார்க் கடிதங்களில் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது. ஆணியடித்துத் திறந்துவிட்டதாகவும், இப்போது துளைவழியே எறும்பு போவதாகவும், என்ன செய்யலாம் என்றும் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார். அவருக்கும் அந்த இரண்டு வரியைத்தான் இவர் அனுப்பினார்.

அவர் அதற்காக வருந்தினாரா என்று கேட்காதீர்கள். வருந்தும் வாய்ப்பு அவருக்கு முன்னால் வந்து, ஒரு நிமிடம் நின்று, இருக்கை காலியில்லாததால் போய்விட்டது. ஆசிரியை சரியாகப் பிடித்திருக்கமாட்டார் என்று அவர் முடிவுசெய்தார்.

சுத்தியலை மேசைமேல் வைத்தார். மனைவியாரின் விரல்களுக்கிடையிலிருந்து ஆணியை மெல்ல விலக்கினார். பின்னர், வீங்கிய வலக்கையால் பேனாவைப் பற்றி, எஞ்சியிருந்த வெற்றுச் சீட்டொன்றில், நடுங்கும் எழுத்தில் எழுதினார்: "கசிவு இல்லை. ஆய்வு செய்து ஏற்கப்பட்டது." கையொப்பமிட்டார். தேதியிட்டார். சீட்டை நாவால் ஈரப்படுத்தி ஜாடியின் மார்பில் ஒட்டினார்; ஒட்டிவிட்டு ஓரடி பின்வாங்கி நின்று, அன்றைய இறுதிப் பிரகடனத்தை, பேரரசன் ஒருவன் தன் கோட்டைத் திறவுகோலைத் தலைநிமிர்ந்து கையளிக்கும் தோரணையில் வெளியிட்டார்:

"இந்த மூடியில் குறை எதுவும் இல்லை."

யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஆதாரமும் இல்லை. மூடி, வெற்றிவாகை சூடிய சக்கரவர்த்தியைப்போல், பிற்பகல் வெயிலில் ஒளிர்ந்தது. உள்ளே ஆறு வாரத்துச் சாறு, எவர் நாவும் தீண்டாத பரிசுத்தத்தோடு, இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு ஊறத் தயாராக இருந்தது.

மைத்துனர் எழுந்தார், பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "கைக்குத் தடவுங்க மாமா. நாளைக்கு வீக்கம் வத்திடும். அக்கா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, இம்முறை குக்கரை ஞாபகமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

சுவர்க்கடிகாரம் மூன்றரை காட்டியது. மனைவியார் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார், வீரரைப் பார்த்தார். வீரர் சீட்டைப் பார்க்கவில்லை. திசைகாவல் யானைகள் எட்டும் மூச்சடக்கின. வானவர் மலர்மாரி பொழிவதா, திரும்பிப்போவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

மனைவி முக்காலியில் ஏறி, குக்கரை மேல்தட்டில் வைத்தார்; கணவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.